வெஸ்னாவின் வலது கை

வியாழக்கிழமைகளில் எனக்கு மூன்றரை மணிக்கு வேலை முடியும். மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலை. கையைக் கழுவி, உடுப்பு மாற்றி, வியோலாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுத்தால் ஐந்தரைக்குள் ஒத்திகைக்குப் போய்விடலாம். வாசித்த எட்டு வருடத்தில் இரண்டே இரண்டு தடவைதான் பிந்தினேன். இரண்டும் பனிப்புயல் நாட்கள்.

இதெல்லாம் தேவையில்லை என்று என்னை விசாரிக்கிற அதிகாரி நினைக்கலாம். நான் சொல்வதை அவருக்குப் பிரெஞ்சில் சொல்ல நிரோஜா என்ற பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரி, ஆனால் இங்கே பிறந்தவள். சில சொற்களில் தடுமாறுகிறாள். அதனால்தான் பேப்பர் கேட்டேன். எழுதித் தந்தால் அவள் ஆறுதலாக வாசித்துச் சொல்லலாம், பிழை வராது.

என் பெயர் வலன்ரைன். மன்னாரைச் சேர்ந்தவன். ஊரில் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுக்கு வயலின் வாசித்தேன். 1998இல் இங்கே ஒரு கோயில் அறிவித்தல் பலகையில் கையால் எழுதிய கடதாசி ஒன்றைக் கண்டேன். குரோஷியர்களின் சிறு இசைக்குழு ஒன்றுக்கு வியோலா வாசிக்க ஆள் தேவை என்று இருந்தது. நான் வியோலாவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் போனேன். குழுவை நடத்திய ஸ்தெபான் என் வயலினைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, அலுமாரிக்குள் இருந்து ஒரு பழைய வியோலாவை எடுத்துத் தந்தார். "வயலின்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நீ இதைப் பழகு" என்றார். வயலினைவிட அது சற்றுப் பெரிது, குரல் தடிப்பு. நாலு பேர் வாசிக்கும்போது நடுவில் நிற்கும் குரல். அது இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை.

குழுவின் பெயர் யாத்ரான். அவர்களுடைய கடலின் பெயர். செலோ வாசித்த ஸ்தெபான் ஊரில் ஒப்பேரா வாத்தியக் குழுவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். யுத்தத்துக்குப் பிறகு இங்கே வந்து, காலையில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துடைத்துவிட்டுப் பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வயலின் லூகா டாக்சி ஓட்டினான். கலியாண வீடுகள், கோயில் திருநாட்கள், நூலகங்கள் என்று வாசித்தோம். 2003இல் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரி மண்டபத்தில் அறுபது பேருக்கு முன்னால் வாசித்ததுதான் எங்கள் பெரிய மேடை.

முதல் வயலின் வெஸ்னா. 2001இல் வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அவளுக்கு முன் இருந்தவர் நோட்டுக்களைப் பிழையில்லாமல் வாசிப்பார், அவ்வளவுதான். வெஸ்னா வாசித்தால் மற்ற மூன்று பேரும் எங்களை அறியாமல் நன்றாக வாசிப்போம். இரண்டாவது வியாழனோ மூன்றாவதோ, அவள் நடுவில் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"வாலெந்தின், இன்னும் பலமாக. உங்கள் குரலின் மேல்தான் நான் நிற்கிறேன். கேட்காவிட்டால் விழுந்துவிடுவேன்."

அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பண்டசாலையில் என்னை 'ஏழாம் வரிசை' என்பார்கள். அங்கே நிற்பவன் என்பதால்.

தேநீர் கொண்டுபோகும் வழக்கம் அப்போதே இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, நல்ல சாயம், நல்ல இனிப்பு. ஃபிளாஸ்கில் கொண்டுபோய் இடைவேளையில் நாலு கோப்பையில் ஊற்றுவேன். என் மனைவி அஞ்சலீனா பகிடி பண்ணுவாள். "வீட்டில ஒரு நாள் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பியளே? அந்தச் சனத்துக்கு எண்டா இஞ்சி வேற." அவள் சொன்னதில் பிழையில்லை.

2004 மாசி மாதம் வெஸ்னா என்னை மண்டப வாசலில் பிடித்து நிறுத்திக் கடிதம் ஒன்றைக் காட்டினாள். அவர்கள் தலைநகர் ஸாக்ரெப்பில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு. வருடத்தில் பாதி நாள் ஐரோப்பா முழுக்கப் பயணம். அதன் தலைவர் சித்திரையில் மொன்றியல் வழியாகப் போகிறார், ஒரு மணி நேரம் அவள் வாசிப்பதைக் கேட்பாராம். பிடித்தால் இடம்.

"முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். ஸ்தெபானுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்றாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான்.

நல்லது என்று சொன்னேன். மனதார இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்தேன். அவள் போனால் ஸ்தெபான் குழுவைக் கலைத்துவிடுவார். அறுபத்தொரு வயதில் இன்னொரு முதல் வயலினைத் தேட அவருக்குத் தெம்பு இல்லை. லூகாவுக்கு டாக்சி இருக்கிறது. எனக்கு ஏழாம் வரிசை இருக்கிறது. ஒரு ஆளின் விருப்பத்துக்காக மூன்று பேரின் வாழ்க்கை. நியாயம் பார்க்கிற யாருக்கும் இது விளங்கும்.

எனக்கு முட்டு வருத்தம். டாக்டர் தந்த குளிசை ஒன்று உண்டு. போட்டால் மூச்சு இலேசாகும். ஆனால் கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் நடுங்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். மேசையில் சாப்பிடும்போது தெரியாது. வில்லைப் பிடித்து நீளமாக ஒரு ஸ்வரத்தை இழுத்தால் தெரியும். அதனால் வியாழக்கிழமைகளில் நான் அதைப் போடுவதில்லை.

சித்திரையில் அந்தத் தலைவர் கேட்க வந்த நாளன்று வெஸ்னா என்னைக் கூட வரச் சொன்னாள். பக்கத்தில் தெரிந்த முகம் வேண்டுமாம். ஃபிளாஸ்கைக் கொண்டுபோனேன். அவள் கோப்பையில் குளிசைப் பொடி முதலே இருந்தது. இஞ்சி கசப்பை மறைத்துவிட்டது. உள்ளே போய் இருபது நிமிடத்தில் வெளியே வந்தாள். அவள் வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். மெதுவாக வாசிக்க வேண்டிய பகுதியில் வில் துள்ளியதாம்.

"இதுவரை எனக்கு இப்படி வந்ததே இல்லை."

"பதற்றம்" என்றேன். "எல்லாருக்கும் வரும்." அவளுடைய கோட்டைப் பிடித்து அவளுக்கு மாட்டிவிட்டேன்.

அதோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தத் தலைவர் நல்ல மனிதர். இலையுதிர் காலத்தில் திரும்பவும் இந்த வழியால் வருவேன், இன்னொரு தடவை கேட்கிறேன் என்று எழுதினார். அன்று மட்டும் கை நடுங்கினால் அவளுக்கே சந்தேகம் வரலாம். வியாழக்கிழமைகளிலும் இடைக்கிடை நடுங்கினால்தான் இயல்பாக இருக்கும். அப்படித்தான் அது பழக்கமானது. எல்லா வியாழனும் இல்லை. மூன்றுக்கு இரண்டு.

அவள் மூன்று டாக்டர்களிடம் போனாள். போகிற நாட்களில் கை அசையாமல் இருந்தது. நரம்பில் ஒன்றும் இல்லை, மனதில்தான் என்று சொல்லி ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் அவளுடைய சிறு வயது, யுத்தம், தகப்பன் காணாமல் போனது எல்லாவற்றையும் கிளறினார். வெஸ்னா அதையெல்லாம் இடைவேளையில் என்னிடம் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்கு வேறு ஆள் இல்லை.

இரண்டாம் தடவை அவள் வாசித்துக் காட்டப் போகவில்லை. தானே கடிதம் எழுதி மறுத்துவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆனால் நடுக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் அவள் திரும்பவும் எழுதுவாள் அல்லவா.

வீட்டில் அஞ்சலீனா ஒரு நாள் குளிசைப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உங்கட குளிசை ஏன் இவ்வளவு கெதியா முடியுது? முட்டுக் கூடிட்டுதோ?"

"குளிர்தானே" என்றேன்.

"அப்ப டொக்டரிட்டச் சொல்லுங்கோவன். சும்மா விழுங்கிக்கொண்டு இருக்கிறதே?"

மறுவாரம் டாக்டரிடம் சொன்னேன். அளவைக் கூட்டித் தந்தார்.

2005 கார்த்திகையில் ஸ்தெபான் வெஸ்னாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருவரும் பனியில் நிற்பது தெரிந்தது. அவர் கையை விரித்து விரித்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். உள்ளே வந்து வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். லூகா எழும்பி நின்றான், என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தான். அடுத்த வசந்தத்தில் யாத்ரான் கலைந்தது. ஸ்தெபான் செலோவை விற்றுவிட்டு ஹமில்ற்றனில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்.

நான் நினைத்தது வேறு, நடந்தது வேறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வெஸ்னா ரொக்ஸ்பரோவில் ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் வேலை எடுத்தாள். நான் சனிக்கிழமைகளில் ரயிலில் போய் அவளைப் பார்ப்பேன். ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுபோவேன், வெறும் தேநீர். காப்பகத்துப் பிள்ளைகள் தன்னைப் பிரெஞ்சில் திருத்துவதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்படி நாலைந்து மாதம் போனது. ஒரு சனிக்கிழமை அவள் முகமே வேறாக இருந்தது.

"வாலெந்தின், இந்தக் கிழமை பெட்டியைத் திறந்தேன். மூன்று நாள் வாசித்தேன். ஒரு நடுக்கமும் இல்லை. ஸாக்ரெப்புக்கு எழுதலாமா?"

"அவசரப்பட வேண்டாம்" என்றேன். "அடுத்த சனிக்கிழமை எனக்கு வாசித்துக் காட்டு."

அடுத்த சனிக்கிழமை அவள் வாசித்தாள். அதற்கு முன் தேநீர் குடித்திருந்தாள். நடுவில் நிறுத்தி வில்லை மடியில் வைத்தாள். "ஆள் முன்னால் முடியாது. ஒரே ஒரு ஆள் முன்னாலும் முடியாது" என்றாள். அழவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும். அவள் வயலினை எடுக்காத நாட்களிலும். கோப்பையைப் பிடிக்கும்போது விரல் நடுங்கும், அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். அதிகாரிக்கு வேண்டியது இதுதான்.

புரட்டாதியில் வெஸ்னாவின் தாயார் நேவென்கா வந்தார். எழுபத்துநாலு வயது. இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்தவர். இது எனக்குத் தெரியும். முதல் நாளே சட்டைக் கழுத்தை விலக்கித் தழும்பைக் காட்டினார். எங்கள் இருவருக்கும் பொது மொழி இல்லை. மகளின் சிநேகிதன் என்று என் கன்னத்தைத் தட்டுவார்.

ஐப்பசி பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை. மூன்று கோப்பையில் ஊற்றினேன். வெஸ்னாவுடையதில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தது, ஏனென்றால் அன்று அவள் தாயாருக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தாள். தாயாருக்குக் குளிர்ந்தது. வெஸ்னா தன் கோப்பையைத் தாயாரின் கையில் வைத்து, விரல்களை அதைச் சுற்றிப் பொத்திவிட்டாள். என்னிடம் திரும்பி, "அவருடையது ஆறிவிட்டது, என்னுடையதைக் கொடுத்தேன்" என்றாள்.

எனக்கு நேரம் இருந்தது. கிழவி உடனே குடிக்கவில்லை. ஊதினார், மணந்து பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். கையைத் தட்டிக் கோப்பையைக் கவிழ்க்கலாமா என்று யோசித்தேன். கம்பளம் புதிது, வெளிர் நிறம். ஏன் தட்டினேன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் அதைப் போட்டது அவருக்கு இல்லை. அவர் முழுக்கக் குடித்தார். அடி மண்டியையும் விடவில்லை.

நாலு மணி ரயிலை எடுத்தேன். அஞ்சலீனா மீன் பொரித்திருந்தாள். இரவு வெஸ்னா தொலைபேசியில் சொன்னாள், தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

அடக்கத் திருப்பலிக்கு என்னை வியோலா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுக்கவில்லை. கோயிலுக்குப் போனால் அவளும் கறுப்புச் சட்டையுடன் வயலினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கிழமையாக நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவள் வாசித்தாள். வில் ஒரு இடத்திலும் அசையவில்லை. நான் அவள் குரலுக்குக் கீழே நின்று வாசித்தேன், பலமாக, அவளுக்குக் கேட்கும்படி. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

முடிந்ததும் என் தோளில் சாய்ந்து சொன்னாள்: "அம்மாதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்."

ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் அந்த வீட்டில் யாருக்கும் எழுதிக் கொடுக்காத மருந்து இருந்ததென்று கண்டுபிடித்து, அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு, என்னிடம் வந்தீர்கள். வந்த அன்றே சொல்லிவிட்டேன். மறைக்கவில்லை.

இன்று காலை அதிகாரி கேட்ட கேள்வியை நிரோஜா உடனே தமிழில் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அங்கிள், குழு கலைஞ்சு ரெண்டு வருசம். அவ எங்கயும் போகவும் இல்லை. பேந்தும் ஏன் குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

யோசித்துப் பார்த்தேன். பதில் கடினமில்லை. வெஸ்னா தன் நிலைமையோடு சமாதானமாகிவிட்டிருந்தாள். கை பிழையில்லை என்று தெரிந்தால் போன வருடங்களையெல்லாம் நினைத்து உடைந்துபோவாள். அந்த வேதனையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தேன், நேவென்கா இறந்ததும் அதனால்தான், எல்லாம் என் கையால் நடந்தது. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தாயாரைப் பற்றி அவளிடம் சொல்லியாக வேண்டும், அது சட்டம். மற்றதைச் சொல்ல வேண்டாம். தாயார் கையைப் பிடித்து நிறுத்தினார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கிறீர்கள், பிழை சொல்லவில்லை. ஆனால் வெஸ்னாவின் நன்மையை யோசிக்க என்னைவிட்டால் இங்கே வேறு யாரும் இல்லை.