வலது மிதியில் சிவப்பு நூல்

தண்ணீர் வேண்டாம், வரும்போது குடித்துவிட்டுத்தான் வந்தேன். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம் என்று கிளம்பினேன், அப்படியும் ஏறிவிட்டது. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். நீங்கள் எழுதப்போகிற காகிதம் பறக்கிறது.

உங்கள் ஸ்டேஷன் அலமாரியில் பையில் கட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தச் சைக்கிள் மிதியைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதை மாட்டிய சைக்கிள் பட்டறைக்காரர் மேல் தப்பு இல்லை. இரண்டு மாதமாக அவர் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. புகார் கொடுத்தது என் மகள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. மிதி கழன்றதற்குக் காரணம் நான். ஒழுங்காக, முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் எனக்குப் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

என் வீட்டுக்காரர் முப்பத்திநாலு வருடம் லிஃப்ட் ஓட்டினார். பன்னிரண்டு மாடி அலுவலகம். லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல், பித்தான்கள், இவர். காலையிலிருந்து மாலைவரை ஏறுகிறவர்கள் எல்லாம் இவரிடம் பேசுவார்கள். வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு மிச்சம் இருக்காது. "சாப்பாடு", "துண்டு", "லைட்டை அணை", அவ்வளவுதான். நான் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தேன். மிஷின் சத்தத்தில் அவர் பேசாதது பெரிதாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்று ஒரு வருடம் சும்மா இருந்தார். பிறகு ஒருநாள் பட்டறையிலிருந்து ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், பட்டறைக்காரரும் பின்னாலேயே வந்தார். ஒற்றைச் சக்கரம். இரண்டு பக்கமும் மிதி. அதற்கு மேல் கம்பியும் இல்லை, சீட்டும் இல்லை.

"மிச்சம் எங்க?" என்று கேட்டேன்.

"மிச்சமே கிடையாது அண்ணி. இவ்வளவுதான் வண்டி," என்றார் பட்டறைக்காரர். "எனக்கும் புரியல. அண்ணன் எங்கயோ படம் பாத்துட்டு வந்து உயிரை வாங்கிச் செய்ய வெச்சாரு."

"எங்க உக்காருவீங்க?"

"உக்காரக் கூடாது," என்றார் இவர். "முப்பத்திநாலு வருஷம் உக்காந்துக்கிட்டே மேலயும் கீழயும் போயாச்சு. இனிமே நின்னுக்கிட்டு முன்னாடி போகணும்."

கல்யாணமாகி அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரர் அன்றைக்கே ஒன்றைச் சொன்னார். இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். வலது மிதியின் திருகு ஒரு பக்கம் சுற்றும், இடது மிதியின் திருகு எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் முன்னால் ஓட்ட ஓட்ட இரண்டும் இறுகும். சக்கரத்தைத் திருப்பி வைத்து ஏறிவிட்டால், ஓட்ட ஓட்ட இரண்டும் கழன்றுகொண்டே வரும்.

"சீட் இருந்தா எது முன்பக்கம்னு தெரியும்," என்றார். "இதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மிதியில வலது, இடதுன்னு எழுத்து வெட்டியிருக்கு, ஆனா அண்ணன் கண்ணுக்கு அது தெரியாது. வலது மிதியில ஏதாவது அடையாளம் கட்டிடுங்க."

என் டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்து நான்தான் கட்டினேன். ஏழு சுற்று, அடியில் முடிச்சு. "நூல் எப்பவும் வலது காலுக்கு," என்று அவருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்துகிற இடம் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், தரை காலியாகிவிடும். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் எட்டுத் தூண்கள். அவர் இடது கை சுவரில், வலது கை என் தோளில். ஒரு மிதியைக் கீழே நிறுத்தி அதில் ஏற வேண்டும், மற்றக் கால் உடனே மேல் மிதிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் சக்கரம் நழுவி ஓடிவிடும். முதல் மாதம் முழுக்க அது ஓடியது, நாங்கள் துரத்தினோம்.

"உன் தோள் ஏன் இப்படி ஆடுது?"

"ஆடுறது நீங்க. நான் தரையில நிக்கறேன்."

"பக்கத்து வீட்டம்மா பாக்குது."

"பாக்கட்டும். மாமாவுக்குப் பித்துப் பிடிச்சிடுச்சான்னு நேத்தே கேட்டுட்டா."

"நீ என்ன சொன்ன?"

"லிஃப்ட்லயே பிடிச்சுது, இப்பத்தான் வெளிய தெரியுதுன்னு சொன்னேன்."

சிரித்துக் கீழே விழுந்தார். நானும் அவர் மேலேயே விழுந்தேன். அறுபது வயதில் தரையில் கிடந்து சிரித்ததை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

தோளைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவர் பேசுவார். பேசினால் கால் பயப்படாது என்று கண்டுபிடித்திருந்தார். ஒன்பதாவது மாடியில் தினமும் அழுதுகொண்டே ஏறிய ஒரு கணக்காளரைப் பற்றிச் சொன்னார். தன் அம்மா இறந்த அன்று லீவு கேட்கக் கூச்சப்பட்டு அரை நாள் லிஃப்ட் ஓட்டியதைச் சொன்னார். அது எனக்கு அதுவரை தெரியாது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை, தினமும் இரண்டு மணி நேரம். என் தோளில் விரல் பதிந்த இடம் கன்றிப்போனது. ரவிக்கைக்கு உள்ளே துணி மடித்து ஒரு சின்ன மெத்தை தைத்துக்கொண்டேன். வலிக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவார்.

ஏழாவது மாதம் அவராகவே எடுத்துவிட்டார். மூன்றாவது தூணுக்கும் நாலாவது தூணுக்கும் நடுவில் தோள் லேசானது. திரும்பிப் பார்த்தால் அவர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், இரண்டு கையும் விரித்து.

"விட்டுட்டேன் பாத்தியா," என்றார் தூரத்திலிருந்து.

"பாத்தேன்."

மறுநாள் பத்து மணிக்கு நான் மெத்தை வைத்த ரவிக்கையோடு கதவருகே நின்றேன். "நீ எதுக்கு அலையற? தைக்கறது எவ்வளவு குமிஞ்சு கிடக்கு. நீ உன் வேலையைப் பாரு," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் மேலே உட்கார்ந்து தைத்தேன். கீழே சக்கரம் தரையில் உருளுகிற சத்தம் கேட்கும். பன்னிரண்டு மணிக்கு வியர்வையோடு வருவார். "துண்டு," என்பார். நான் கொடுப்பேன்.

பத்து நாள் அப்படிப் போனது. பதினோராம் நாள் அவர் குளிக்கும்போது நூலைப் பிரித்து இடது மிதியில் கட்டினேன். அதே ஏழு சுற்று, அதே முடிச்சு. நான் செய்தது அவ்வளவுதான். அப்போது மனதில் என்ன இருந்தது என்று என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். கெட்டது எதுவும் இருந்த மாதிரி ஞாபகம் இல்லை. மிதி கொஞ்சம் ஆடும், அவருக்குக் கொஞ்சம் பயம் வரும், அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

அப்படியே நடந்தது. நாலாம் நாள் கீழேயிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் வாயேன். மிதி ஆடுது. பிடிமானம் இல்ல."

போனேன். கை தோளுக்கு வந்தது. பதினாலு நாள் வராத பேச்சும் கூடவே வந்தது.

பட்டறைக்குப் போகும்முன் நூலைப் பழையபடி வலது பக்கம் மாற்றினேன். பட்டறைக்காரர் மிதியைத் திருகிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"அண்ணே, திருப்பி வெச்சு ஓட்டுனீங்களா?"

"நூலைப் பாக்காம நான் கால் வைக்கறதே இல்ல. வேணும்னா இவளைக் கேளு."

"ஆமாம் தம்பி, பாத்துத்தான் ஏறுறாரு," என்றேன்.

"அப்ப என் கைதான் சரியில்லயோ என்னமோ," என்றார் அவர். புது மிதி போட்டுக் கொடுத்தார். அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு முறை அதே மாதிரி செய்தேன். ஆக மூன்று. ஒவ்வொரு முறையும் ஆட ஆரம்பித்த உடனே கூப்பிட்டார், ஒவ்வொரு முறையும் நான் போய் நின்றேன், பிறகு நூலை மாற்றி, பட்டறைக்கு அனுப்பி இறுக்க வைத்தேன். அவர் விழுந்துவிடக் கூடாது என்பதில் கவனமாகத்தான் இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாவது முறையும் நூலை மாற்றிக் கட்டினேன், அவர் கூப்பிடவில்லை. ஐந்து நாள் ஆயிற்று, ஏழு நாள் ஆயிற்று. மிதி ஆடியிருக்கும். ஆனால் அதற்குள் அவருக்கு ஆட்டத்தோடேயே ஓட்டப் பழகிவிட்டது. அது என் கணக்கில் இல்லை. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. கட்டடத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். கீழேயிருந்து தெருவுக்கு ஏறி இறங்குகிற சரிவு ஒன்று இருக்கிறது, வண்டிகள் வரும் வழி. தெருவிலிருந்து அந்தச் சரிவில் இறங்கி வந்து காட்டப் போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

சக்கரத்தை வாசலில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "குனிய முடியல. எல்லாம் இறுக்கமா இருக்கா, கொஞ்சம் தொட்டுப் பாரு."

நான் குனிந்தேன். மிதியைத் தொட்டேன். அது என் விரலுக்கே சுற்றியது.

"இருக்குங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், இல்லை என்று சொன்னால் பட்டறைக்குக் கொண்டுபோவார், இறுக்குவார், சரிவில் அழகாக இறங்கி வருவார், எல்லோரும் கை தட்டுவார்கள். அதன் பிறகு அவருக்கு யாருடைய தோளும் வேண்டியிருக்காது. சரிவின் மேலே, சக்கரத்தில் ஏறும்போதே மிதி கழன்றுவிடும், அங்கே சுவர் இருக்கிறது, பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் நினைக்கிறேன்.

பாதிச் சரிவில் கழன்றது. பக்கத்து வீட்டம்மா உட்பட எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு முதலில் தரையில் பட்டது, பிறகு தலை.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நான் சக்கரத்திடம் போனேன். உருண்டு வந்து கடைசித் தூணில் சாய்ந்து கிடந்தது. கழன்று விழுந்த மிதியிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மற்ற மிதியில் கட்டினேன். ஏழு சுற்று கட்ட நேரம் இல்லை, மூன்றுதான் கட்டினேன். உங்கள் ஆட்கள் அதைக் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வரிசையை நினைத்தால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்று வாரம் மருத்துவமனை. பிறகு வீடு. தலைக்காயம் ஆறிவிட்டது, இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு இருபத்திரண்டு அடி. ஒரு நாளைக்கு ஆறு முறை என் தோளைப் பிடித்துக்கொண்டு போவார். போகும்போது பேசுவார். பட்டறைக்காரரைப் பற்றித்தான் அதிகம்.

"பாவம், அவன் மேல ஏன் கேஸ் போட்டா உன் பொண்ணு? நான்தான் நூலைப் பாக்காம ஏறியிருப்பேன்."

"பேசாம நடங்க," என்பேன்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு இந்த ஐந்து வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் நான் சொல்வதிலேயே கேவலமானது. செய்ததை விட அது கேவலம்.

போன வாரம், பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு வாக்கர் கொண்டுவந்தாள். நாலு காலும் அலுமினியம். உயரம் மாற்றுவதற்கு ஒவ்வொரு காலிலும் ஒரு சின்னப் பித்தான். அழுத்தினால் குழாய்க்குள் போகும், சரியான ஓட்டைக்கு வந்ததும் வெளியே வந்து நிற்கும். "ரெண்டே வாரத்துல தாத்தா ஓடுவார் பாருங்க," என்றாள். முந்தாநாள் அவர் தனியாகக் குளியலறை வரை போய்த் திரும்பி வந்தார். "நாளையிலேருந்து நானே போய்க்கறேன். உனக்கும் வயசாகுது இல்ல," என்றார்.

பட்டறைக்காரருக்காக வந்தேன் என்று சொன்னேன். அதற்காக மட்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருப்பேன்.

இன்று காலை அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் வாக்கரைத் துடைத்தேன். பின்னங்கால் ஒன்றின் பித்தானை அழுத்தி, குழாயை லேசாகத் திருப்பினேன். பித்தான் வெளியே வந்து நின்றதா என்று பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் அது நான் செய்ததாகாது என்று தோன்றியது. கதவைப் பூட்டிக்கொண்டு இங்கே நடந்து வந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு எழுந்து குளியலறைக்குப் போவார். உங்கள் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. உள்ளே வந்ததும் இதை முதலில் சொல்லியிருக்கலாம். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இதோ சாவி. நீங்களே யாரையாவது அனுப்புங்கள். நான் போனால் அதைச் சரிசெய்துவிடுவேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.