பாப்பா வீட்டு மணிப்பூ

மணிப்பூ லட்சணமான பூ, ஐயா. முழங்கால் உயரத் தண்டில் வரிசையாக ஊதா மணிகள் தொங்கும். வெயில், பனி, மிதி எதற்கும் அசராது. வேர் வெள்ளை வெளேரென்று இருக்கும், தொட்டால் ஒடியும். ஒடிந்ததில் நகத்தளவு மண்ணில் கிடந்தால் போதும், அடுத்த பருவத்தில் ஒரு குடும்பமே எழுந்து நிற்கும். காட்டில் இருக்கும்வரை பூ. தோட்டத்துக்குள் வந்தால் களை.

நான் அடுத்தவர் தோட்டங்களில் களை எடுத்துப் பிழைத்தவன். பெண்டாட்டி சீக்கிரமே போய்விட்டாள். மகள் பாப்பாவை வீட்டில் விட ஆள் இல்லாமல் வேலைக்குக் கூட்டிப் போவேன். என் தண்ணீர் பாட்டில் கரும்பச்சை, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. தாகமெடுத்தால் அவள் கேட்க மாட்டாள், எடுத்துக் குடிப்பாள். பள்ளிக்கூட டீச்சர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கல்யாணமாகி, தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கினாள். "அப்பா, இனிமே நீங்க குனியவே கூடாது. வந்தா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் விருந்தாளி. விருந்தாளியை எப்போதாவதுதான் கூப்பிடுவார்கள். களை எடுக்கிறவனை வாரா வாரம் கூப்பிட்டாக வேண்டும்.

சட்டைப் பையில் நாலு துண்டு வேர் கொண்டுபோய்ச் சுவரோரம் ஊன்றினேன்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போன் வரும். மாப்பிள்ளை கேலி செய்வார். "மாமா, நீங்க எடுக்க எடுக்க இது குட்டி போடுது. உங்களுக்குச் சொந்தமா?"

"வாயை மூடுங்க. எங்கப்பா இல்லேன்னா இந்தக் களையில நம்ம வீட்டுக் கதவையே திறக்க முடியாது," என்பாள் பாப்பா.

நானும் சிரிப்பேன். தோண்டிய குழிக்கு ஒரு துண்டு விட்டுவிட்டு மூடுவேன்.

வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். மாப்பிள்ளை களைக்கொல்லி டப்பா ஒன்று வாங்கித் தோட்டத்து ஷெட்டில் வைத்தார். "இனிமே உங்களுக்கும் ரெஸ்ட் மாமா," என்றார். என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மருந்து அடிப்பதாக இருந்த ஞாயிறு கொஞ்சம் முன்னதாகவே போனேன். இரண்டு பேரும் சமையலறையில் இருந்தார்கள். ஷெட்டுக்குள் போய் டப்பாவில் இருந்ததை என் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். நிறத்துக்காக டப்பாவில் கொஞ்சம் விட்டுவைத்து, மேலே குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். போகிற வழியில் எங்காவது கொட்டிவிடலாம் என்று பாட்டிலைப் பையில் போட்டு அங்கேயே ஆணியில் மாட்டினேன். செடி சாகக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

மாப்பிள்ளை மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரை மும்முரமாக அடித்தார். பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. பாப்பா அந்தப் பக்கம் வெயிலில் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஷெட்டுக்குப் போனாள். அவள் கேட்க மாட்டாள் என்றேனே.

ஒரு வாய். பாதியைத் துப்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. மூச்சுதான் நாளுக்கு நாள் சுருங்கியது. எந்தப் பாட்டில் என்று உங்கள் ஸ்டேஷன் ஆள் வந்து கேட்டார். பாப்பா என்னைப் பார்த்தாள். "ஷெட்ல கிடந்த ஏதோ ஒண்ணு. ஞாபகம் இல்ல சார்." அவர் போனதும் என் கையைப் பிடித்து, "பாட்டிலை நல்லாக் கழுவிடுங்கப்பா," என்றாள். நான் தெரியாமல் குடித்துவிடுவேனோ என்று பயந்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே என்மேல் அவளுக்கு அக்கறை அதிகம்.

கழுவிவிட்டேன்.

டப்பா வாங்கியவர் என்று மாப்பிள்ளையைக் கூட்டிப் போனீர்கள். வண்டியில் ஏறும்போது, "மாமா, நான் ஊத்தலை. நீங்களாவது சொல்லுங்க," என்று அழுதார். எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிலில் ஊற்றியது நான். அவரை விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் பூ இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவளைப் புதைத்த இடத்தில் ஒரு துண்டு வேர் ஊன்றியிருக்கிறேன். இந்நேரம் முளைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை அங்கே அனுப்பி வையுங்கள் ஐயா. களை எடுக்க நான் போகாவிட்டால் பாப்பா வேறு யாரைக் கூப்பிடுவாள்?