ஆராயி கொடுத்த வால்பொம்மை

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மல்லசமுத்திரம் தாண்டி உள்ளே பிரிகிற ஒற்றை ரோடு... ஈ காக்கா இல்லை. எங்கேயோ ஒரு ஜவ்வரிசி மில்லின் புளிப்பு வாடை மட்டும் வருகிறது. அந்த ரோட்டில் ஒருத்தன் பைக்கில் போகிறான்.

என்ன முழிக்கிறீர்கள்? பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு எவன் சொன்னது? கரண்ட் போய்விட்டது, ஒரு கதை சொல் என்று நீங்கள்தான் பிடித்து உட்கார வைத்தீர்கள். கேட்பதானால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நடுவில் எவனாவது சிரித்தால் நான் எழுந்து படுக்கப் போய்விடுவேன். அந்தக் கதவைச் சாத்து.

பைக்கில் போனவன் பெயர் தௌசீப். என் கூட்டாளி அன்வர் பாட்சாவின் மைத்துனன். ஃபேர்லேண்ட்ஸில் வீடு, செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். நல்ல பையன். ஆனால் சிரிக்கவும் மாட்டான், அழவும் மாட்டான். முன்னே அப்படி இல்லை. அவன் மனைவி அஸ்பியாவுக்கு இரண்டு தடவை குழந்தை தங்கி, தங்காமல் போனது. இரண்டாவது, நன்றாக வளர்ந்த பிறகு. அடக்கம் பண்ணிவிட்டு வந்து நேராகக் கடை திறந்தான். அழுகையே வரவில்லை மச்சான், பல் டாக்டர் ஊசி போட்ட வாய் மாதிரி இருக்கிறது என்று அன்வரிடம் ஒரே ஒரு தடவை சொன்னானாம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பொம்மைக் கிறுக்கு. உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கையடக்கமான மரப்பொம்மை. மூஞ்சி வரைந்திருக்கும். உச்சந்தலையில் நான்கு ஆணி, நடுவில் அடிவரைக்கும் ஓட்டை. ஆணிகளில் கம்பளி நூலைச் சுற்றி, ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக ஆணிக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். போடப் போடக் கீழ் ஓட்டை வழியாகக் கயிறு மாதிரி பின்னல் இறங்கும். வால் முளைக்கிற மாதிரி. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பொழுது போக்கியது அது. தௌசீப் இந்த வால்பொம்மைகளை ஊர் ஊராகத் தேடி வாங்கி ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க அடுக்கினான்.

சேர்க்கிறவர்களுக்கு ஒரு தனிப் புத்தி உண்டு. பிள்ளைகள் கை படாத பொம்மைதான் அவர்களுக்கு உசத்தி. பெட்டி நசுங்கக் கூடாது. நூல் உருண்டையைச் சுற்றிய காகிதப் பட்டை கிழியக் கூடாது. ஊசி செருகிய இடத்தில் அப்படியே இருக்க வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன படம், மூடி எந்த நிறம், எல்லாம் தௌசீப்புக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு நாள்கூட அதில் ஒரு கண்ணி போட்டுப் பார்த்தவன் இல்லை.

அஸ்பியா மூன்றாவதாக உண்டாகி எட்டாம் மாதம் நடக்கிறது. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அந்த நேரத்தில்தான் பழைய பேப்பர் எடுக்கிற பச்சமுத்து போன் பண்ணினான். மல்லசமுத்திரத்துப் பக்கம் ஆராயி என்று ஒரு அம்மா வீட்டில் பெட்டியோடு ஒன்று இருக்கிறதாம்.

ஆராயி காட்டுக்குள் தனி வீட்டில் இருந்தாள். மறுநாள் திருப்பூருக்கு மகன் வீட்டோடு போகிறாள், சாமானெல்லாம் கட்டி வைத்திருந்தது. தௌசீப்பை உள்ளே கூப்பிடவில்லை. பெட்டியை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் ஏற்காட்டில் ஒரு பங்களாவில் தோட்டவேலை பார்த்தபோது அங்கிருந்த அம்மா கொடுத்ததாம். நீலப் பெட்டி, மூலைகூட மழுங்கவில்லை. உள்ளே பொம்மை. ஆணிகளில் நூல் மாட்டியபடியே இருந்தது. கீழே ஒரு முழத்துக்குச் சிவப்பு வால்.

தௌசீப் விலை கேட்டான். அவள் தலையை ஆட்டினாள்.

"காசெல்லாம் வேண்டாமுங்க சாமி. எம்புள்ள சித்ரா போட்டதுங்க இது. நீங்களே வெச்சுக்கங்க. வாலை மட்டும் அவுத்துப்போடாதீங்க."

சரி என்றான். சித்ரா இப்போது எங்கே என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அஸ்பியாவிடம் நடந்ததைச் சொன்னான். பொம்மையைப் பெட்டியில் வைத்துப் பார்த்தான். வாலோடு வைத்தால் மூடி மூடவில்லை. மடித்து வைத்தாலும் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அலமாரியில் எல்லாம் வரிசையாக, கை படாமல் இருக்க, இது ஒன்று மட்டும் வாயைப் பிளந்துகொண்டு... அவன் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. அந்தம்மா வேண்டாம் என்றார்களே என்று அஸ்பியா படுத்தபடியே சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆணிகளிலிருந்து கண்ணிகளைக் கழற்றி நூலைப் பிடித்து இழுத்தான்.

அது அவிழ்கிற சுகம் இருக்கிறதே, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சர்... சர்... என்று வந்துகொண்டே இருந்தது. நூல் வெதுவெதுப்பாக இருந்ததாம். ஒரு வாடை வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் உச்சந்தலை வாடை. தௌசீப் மூக்கைச் சுளித்துக்கொண்டான், அவ்வளவுதான். நூலை உருண்டையாகச் சுற்றினான், பெட்டிக்குள் வைத்தான், மூடியை அழுத்தினான். சரியாக மூடிக்கொண்டது. அவனுக்கு அன்றைக்கு ஏதோ கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் அஸ்பியா கடைக்குப் போன் பண்ணினாள்.

"ஏனுங்க... நேத்து சாயங்காலத்துல இருந்து புள்ள அசையவே இல்லீங்க."

அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வயிற்றில் அந்தக் கருவியை வைத்துத் தேடினார்கள், தேடினார்கள்... ஒரு சத்தமும் இல்லை. டாக்டரம்மா அவன் தோளில் கை வைத்தார். காலையில் வந்து சேர்ந்துவிடுங்கள், எடுத்துவிடலாம் என்றார். அஸ்பியா அழவில்லை. அவனும் அழவில்லை. ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வழியில் நிறுத்தி அவன் பால் பாக்கெட் வாங்கினான். தினமும் வாங்குகிறவன், அன்றும் வாங்கினான்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் அஸ்பியா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த வாலைத் திரும்பப் போட்டுப் பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கைப் போடுங்கள் என்கிற மாதிரிதான் சொன்னாள். தௌசீப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். எடுத்து வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது, ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறோமே, இதை எப்படிப் போடுவது என்று நமக்குத் தெரியாதே என்று. பெட்டியின் அடியில் படம் போட்டுக் காட்டியிருந்தது. மற்றப் பெட்டிகளில் அத்தனை வருஷம் பார்த்த அதே படம்தான். குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுற்றினான். நழுவியது. மறுபடி சுற்றினான். விரல் கேட்கவில்லை, ஊசி குத்தியது, ரத்தம் வந்தது. வலிக்கவில்லை. ஒருவழியாக ஒரு கண்ணியைத் தூக்கி ஆணிக்கு மேலே போட்டான். டிக்.

அஸ்பியா வயிற்றில் கை வைத்தாள்.

அடுத்தது. டிக். அடுத்தது. டிக்...

"ஒதைக்குதுங்க" என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது.

"நின்னுருச்சு. நிறுத்தாதீங்க."

காலையில் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு படபடவென்று கேட்டது. நேற்று கருவிதான் சரியாகக் காட்டவில்லை போல என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். தௌசீப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் ஊசியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

சிவப்பு நூல் எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்ததும் அலமாரியைத் திறந்தான். கை படாத பெட்டிகள்... ஒவ்வொன்றாகக் கிழித்தான். எந்தப் பட்டை கிழியக் கூடாது என்று காத்தானோ அதையெல்லாம் பல்லால் கடித்துக் கிழித்து, பச்சை, மஞ்சள், ஊதா என்று நூலோடு நூலை முடிந்துகொண்டே போனான். கடையை ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்தும் பின்னினான். நர்ஸுகள் சிரித்தார்களாம், இப்படி ஒரு அப்பாவா என்று. பெண் குழந்தை. சுகமாகப் பிறந்தது. ஜோயா என்று பெயர் வைத்தார்கள்.

பிறந்துவிட்டதே, இனி விட்டுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எப்படி முடிச்சுப் போட்டு முடிப்பது என்றும் பெட்டியில் படம் இருந்தது. தௌசீப் அதைப் பார்க்காமலே பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டான்.

போன பெருநாளைக்கு அன்வர் பாட்சா அங்கே போயிருக்கிறான். வால் மூட்டை மூட்டையாகக் கட்டிப் பின்னறையில் கிடந்ததாம். வீடெல்லாம் கம்பளி வாடை, அந்துருண்டை வாடை. அஸ்பியா அடுப்படியில். ஜோயாவுக்கு இப்போது நடை வந்துவிட்டது. ஒரு டம்ளரைத் தரையில் உருட்டி உருட்டிக் காலால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கலகலவென்று நல்ல சத்தம். தௌசீப் நாற்காலியில். டிக்... டிக்... விரல் நுனியெல்லாம் காய்த்துக் கறுத்திருக்கிறது, அதில் உணர்ச்சியே இல்லை, நெருப்பை வைத்தாலும் தெரியாது என்று சொன்னான்.

"மச்சான், இதைக் கொஞ்சம் புடிங்க. பின்னாடி போய்ட்டு வந்துர்றேன்."

பொம்மையை அன்வர் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அன்வருக்கு அதைப் போடத் தெரியாது. சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் தெரிந்தது, காற்றாடிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று.

திரும்பிப் பார்த்தான்.

ஜோயா டம்ளரை எட்டி உதைக்க ஒரு காலைத் தூக்கியிருந்தாள். தூக்கின கால் தூக்கினபடி. ஒற்றைக்காலில் நின்றாள். ஆடவில்லை. சாயவில்லை. வாய் பாதிச் சிரிப்பில் இருந்தது. ஒரு ஈ வந்து அவள் கண்ணில்... இமையில் இல்லை, திறந்த கண்ணிலேயே உட்கார்ந்து, மெள்ள நடந்தது. அவள் இமைக்கவில்லை.

அன்வர் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தான்.

தௌசீப் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான். பொம்மையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு கண்ணி தூக்கினான். டிக்.

ஜோயா டம்ளரை உதைத்தாள். அது கலகலவென்று உருண்டு கட்டிலடியில் போனது. சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

தௌசீப் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"பயந்துட்டீங்களா மச்சான்? ராத்திரி நான் தூங்குறப்பவும் அப்படித்தான் நிப்பா. கொசு கடிக்கும்ல... அஸ்பியா மேல சேலையப் போத்தி விட்டுருவா."