கசக்காத மாத்திரை

எனக்கு நன்றாகத் தலை பின்னத் தெரியும், ஐயா. கல்யாணமான முதல் வருடமே கற்றுக்கொண்டேன். இதயம் வீங்கித் தளர்ந்த பிறகு என் மனைவியால் கையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை.

இதயத்துக்குத் துணையாக ரத்தத்தை இறைக்க நெஞ்சுக்குள் பம்ப் வைத்தார்கள். அதன் வயர் வயிற்றுப் பக்கமாக வெளியே வந்து பேட்டரியில் சேரும். ரத்தம் விட்டுவிட்டுப் பாயாமல் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருப்பதால் மணிக்கட்டில் நாடி துடிக்காது. "செத்தவளோட குடித்தனம் நடத்துற ஒரே ஆள் நீதான்டா," என்று சிரிப்பாள். பேட்டரி மாற்றுவது, வயர் நுழையும் இடத்தைத் துடைத்துக் கட்டுப்போடுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான். வேலையை விட்டுவிட்டேன்.

ஒருநாள் கட்டுப்போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தபோது விரலில் ஏதோ தட்டியது. நாடி.

டாக்டர் பம்பின் வேகத்தைக் குறைத்து அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். "பளு குறைஞ்சதுல இதயம் தானா தேறிட்டு வருதும்மா. எல்லாருக்கும் இப்படி ஆகாது. மாத்திரையை விட்டுடாதீங்க. பம்பை எடுத்துடலாம்."

"முதல்ல கதவைத் தாழ் போட்டுக்கிட்டு தனியா குளிக்கணும்," என்றாள் அவள், லிஃப்டில். "நீ எங்கயாவது போய் வேலையைப் பாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த இதயம் ஒருமுறை அவளை மாடிப்படியில் உருட்டிவிட்டது. அதை நம்பி பம்பை எடுப்பதா? ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தவறாமல் கொடுத்தேன். பம்புக்கு அது வேண்டும். இதயத்தைத் தேற்றும் மாத்திரைகளுக்குப் பதிலாக அதே நிறத்தில் சத்து மாத்திரை கொடுத்தேன்.

"இப்பல்லாம் கசக்கவே இல்லையே?"

"பழகிடுச்சு உனக்கு."

நாடி மறைந்தது. பம்ப் இருக்கட்டும் என்றார் டாக்டர். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

பம்ப் இதயத்தின் இடப்பக்க வேலையை மட்டும்தான் செய்யும். வலப்பக்கம் தானே உழைக்க வேண்டும். டாக்டர் இதை ஆரம்பத்திலேயே படம் போட்டுச் சொல்லியிருந்தார். அது தளர்ந்து அவள் கால் வீங்கியது. வயிறு உப்பியது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மாத்திரையைத் திரும்பக் கொடுப்பார்கள். நாடி வரும். அவள் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள்.

சொல்லவில்லை.

அவள் மூச்சு நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர்தான் அதை நிறுத்தினார். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: என் பம்ப் கடைசிவரை அவளைக் கைவிடவில்லை. அவளுடைய இதயம்தான் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டது.