அண்ணனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை

என் அண்ணி ஷஹ்லா திராட்சை இலையில் அரிசியும் கறியும் பொதிந்து டோல்மா செய்தால் மோசுலில் எங்கள் பாதித் தெரு வாசலுக்கு வந்துவிடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள்மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

கோபமெல்லாம் அண்ணன் குதைபாவின் மண்டைமீதுதான். சந்தையில் குண்டு வெடித்த பிறகு, வாழ்க்கை அவனுக்கு மொத்தமாகத்தான் நினைவிருந்தது. சில்லறையாக எதுவும் இல்லை. அவன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "பாட்டு இருந்துச்சு, சாப்பாடு இருந்துச்சு" என்பான். எவன் கல்யாணத்துக்கும் அது பொருந்தும். டைபாய்டில் கிடந்தவன் பக்கத்தில் நான் கண்விழித்துக் கிடந்தது சுத்தமாக அழிந்துவிட்டது. சந்தை நாள் மட்டும் ஒரு நொடி குறையாமல் இருந்தது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் தேநீரோடு அதையும் பரிமாறுவான்: "சுவருக்கடியில கெடந்தேன். தம்பியக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். ஓடிட்டான்."

ஏதாவது ஒரு நாளை, ஒரே ஒரு நாளை, முழுதாக நினைவுபடுத்திப் பழக்கச் சொன்னார் மருத்துவர். அண்ணி தினமும் பழக்கினாள். "ஊறுகாய் ஜாடிய ஒடச்சுட்டுப் பூனை மேல பழி போட்டீங்களே, மறந்துடுச்சா?" அவன் சிரிக்கத் தொடங்கினான். தேறிவந்தான். அவள் எடுத்துக்கொடுத்த நாட்கள் ஒன்றில்கூட நான் இல்லை. பூனைக்கு இடம் இருந்தது.

ஆகவே நானும் ஒரு நாளைப் பழக்கினேன்.

"செவ்வாய்க்கிழமை, அண்ணே. அடுப்புல பால் பொங்குது. அண்ணி பச்சைக் கவுன்ல நிக்கிறாங்க. நீ மூணு தடவ தலாக் சொன்ன. நான் கதவுகிட்ட நின்னு கேட்டேன்."

"நானாடா சொன்னேன்?"

"வாய் உன்னோடதுதான்."

அண்ணி முதலில் சிரித்தாள். "காலேஜ்ல நாடகம் போடுற பய. இவன் பேச்சையா நம்புறீங்க?"

இமாமிடம் போனோம். சொல்லவில்லை என்று சத்தியம் செய்தால் போதும் என்றார் அவர். அண்ணன் நேர்மையானவன், நினைவில் இல்லாததற்குச் சத்தியம் செய்ய மாட்டான். "தம்பி கேட்டேங்கறான். பொய் சொல்லி அவனுக்கு என்ன ஆகப்போவுது?" என்றான். மூன்று முறை சொன்னால் முடிந்தது முடிந்ததுதான். அண்ணி அவள் அப்பா வீட்டுக்குப் போனாள்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை அவனுக்கு முழுதாக நினைவிருக்கிறது. பால் தீய்ந்த வாசனை உட்பட. அவள் அழுதாளாம், அதை நான் சொல்லவே இல்லை. நல்ல முன்னேற்றம் என்று மருத்துவர் என் கையைக் குலுக்கினார்.

மாலைகளில் அண்ணனோடு உட்கார இப்போது நான் ஒருவன்தான். சந்தை நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திவருகிறோம். சுவரைப் புரட்டி அவனைத் தோளில் தூக்கி வந்தது நான்தான். அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.