மஞ்சளால் மாண்டவர் மீண்ட கதை

ஒரு கைப்பிடி மாலை வெயில் என்ன விலை? அதையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், உச்சிப் பொழுதில் எடுத்த காட்சியில் அந்தியை அள்ளி அள்ளி ஊற்றித் தந்த எங்கள் அக்காவே! திரைப்படங்களுக்கு நிறம் திருத்தும் வண்ண வைத்தியரே! நிழலுக்கும் நியாயம் கேட்கும் நெஞ்சினரே! வணக்கம்!

கருப்புப் பூசிய சுவர்களுக்கிடையே கால் நூற்றாண்டாய்க் கண்விழித்து, பிலிமின் மணல்போன்ற புள்ளிகளையும் டிஜிட்டலின் பளிங்குத் துல்லியத்தையும் முறைத்துக்கொண்ட சம்பந்திகளைப் போல் ஒரே வரிசையில் அமர்த்திச் சிரிக்க வைத்தீர்கள். திரை அகன்றால் மனிதன் தனியனாவான், குறுகினால் வீட்டுச் சுவர் அவன் தோளை இடிக்கும் என்று எங்கள் காது புளிக்கச் சொன்னீர்கள்.

ஆனால் அக்கா, தாங்கள் நிறம் திருத்திய படமொன்றில் வந்த அந்த அப்பாவை மறக்க முடியுமா? கோபித்துப் பிரிந்த மகளின் கதை. கடந்த காலமெல்லாம் பதினாறு எம்.எம். பிலிமில், புள்ளி பறக்கும் மஞ்சளில். நிகழ்காலமெல்லாம் டிஜிட்டலின் இளநீலத்தில். கடைசியில் மகள் கதவைத் தட்ட, அப்பா திறக்கிறார். அந்தக் காட்சிக்குத் தாங்களே கைதவறி நினைவின் மஞ்சளைப் பூசிவிட்டீர்கள்! வெளியீட்டுக்கு முன்பே படம் பார்த்த இயக்குநரின் அம்மா, மஞ்சளைக் கண்டதும் இது மகளின் நினைவுதான், அப்பா இப்போது உயிரோடில்லை என்று எண்ணி விம்மிவிட்டார்.

"அடப்பாவி, கடைசியில அப்பாவைக் கொன்னுட்டியேடா!"

தயாரிப்பாளர் துள்ளிக் குதித்தார். "அக்கா, அப்படியே விட்டுடுங்க. அவரு செத்தாத்தான் சனம் அழும். அழுதாத்தான் படம் ஓடும்."

அப்பாவும் மகளும் சேர்வதற்காகவே படமெடுத்த இயக்குநர் தலையில் கைவைத்தார். தாங்கள் தயாரிப்பாளர் பக்கம் திரும்பினீர்கள்.

"படம் உங்களுது தம்பி, உசிரு அவரோடது. என் கைத்தப்புக்கு அந்த மனுசன் சாகணுமா? போய் டீ குடிச்சிட்டு வாங்க."

குடித்து வந்தோம். கதவு இளநீலத்தில் திறந்தது. அப்பாவின் கன்னத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. தயாரிப்பாளர் மூக்கை உறிஞ்சியதை இருட்டிலும் பார்த்தோம்.

தங்கள் வெள்ளிவிழாவுக்காக இம்மடலோடு சுவரில் மாட்டவிருக்கும் தங்கள் நிழற்படத்துக்கு மஞ்சள் பூசலாமா என்று அதே தயாரிப்பாளர்தான் கேட்டார். அவரை மறுபடியும் டீ குடிக்க அனுப்பிவிட்டோம். தங்களை நினைவாக்க எங்களுக்கு மனமில்லை. நிகழ்காலத்தின் நீலத்திலேயே நோயற்று, நகைத்து, நெடுங்காலம் வாழ்க!

கணக்கு: சாகடித்தது ஓர் அப்பா, பிழைக்க வைத்தது ஓர் அப்பா, நேர்.
தங்களிடம் நாங்கள் வாங்கிய வெளிச்சம்: பாக்கி. தீர்க்கும் உத்தேசம் இல்லை.

இங்ஙனம்,
தங்கள் இருட்டறைக் கூட்டாளிகள்