சர்க்கரை தூக்கலான காப்பி

என் காப்பியில் சர்க்கரை எப்போதும் தூக்கலாகத்தான் இருக்கும். அக்கா போட்ட காப்பியைக் குடித்தால் எறும்பு வீடு வரைக்கும் துணைக்கு வரும் என்று சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர் கிண்டல் செய்வார். நீங்களும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை மேடம். உங்கள் காப்பியில் சர்க்கரை மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

நீங்கள் வந்தது லாக்கப்பில் இருக்கும் என் அண்ணனைப் பற்றி விசாரிக்க. அவர் இந்தச் சபையின் போதகர். எங்கள் சபைக்கு வரும் பெயிண்டர் தம்பி சபைக் கோபுரத்திலிருந்து விழுந்து செத்ததற்கு அவர்தான் காரணம், வலிப்பு மாத்திரையை விடச் சொன்னது அவர்தான் என்று தம்பியின் மனைவி புகார் கொடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் உங்களை இந்தச் சமையலறையில் உட்காரச் சொன்னேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தில் சுகம் கிடைத்ததாக நம்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார்கள். பிறகு மாத்திரையோ ஊன்றுகோலோ மூக்குக்கண்ணாடியோ, இனி வேண்டாம் என்று நினைப்பதைக் கொண்டுவந்து முன்மேசையில் வைத்துவிடுவார்கள். ஆராதனை முடிந்ததும் மேசையைச் சுத்தம் செய்வது என் வேலை. கண்ணாடி வைத்தவர்களில் பாதிப் பேர் சாயங்காலமே இந்தப் பக்கம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப வாங்கிப் போவார்கள். நானும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

டெய்லர் அம்மா மட்டும் திரும்ப வரவில்லை. சர்க்கரை வியாதிக்குப் போடும் ஊசியை மேசையில் வைத்துவிட்டுப் போனவள், கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று அண்ணன் பிரசங்கம் செய்தார். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

அதனால்தான் பெயிண்டர் தம்பி வந்து, அண்ணன் எண்ணெய் பூசி ஜெபித்து, அவன் தன் மாத்திரைப் பையை மேசையில் வைத்தபோது நான் அதைக் குப்பையில் போடவில்லை. அவனும் அவன் மனைவியும் சபைக்குப் பின்னால் இருக்கும் அறையில் குடியிருந்தார்கள். காலையும் மாலையும் அவனுக்குக் காப்பி இங்கேதான். மாத்திரையை அம்மியில் நுணுக்கிக் காப்பியில் கலந்துவிடுவேன். கசப்பு தெரியவில்லை. பையில் இருந்தது தீர்ந்ததும், அதிலேயே கிடந்த டாக்டர் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கினேன்.

அவனுக்கு அதன்பிறகு வலிப்பு வரவே இல்லை. இரண்டு வருஷமாக வரவில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் அவனைப் பார்க்க வந்தார்கள். அண்ணன் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியது. அதற்காக ஒரு ஸ்பூன் பொய் சொன்னால் தப்பில்லை என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் மகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தம்பி இங்கே வருவதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். ஒரு லாரி நடைபாதையில் ஏறியது. ஓட்டியவன் என்று ஒருவனைப் பிடித்தார்கள், ஜெயிலில் போட்டார்கள். எனக்குச் சோறு இறங்காது, ஜெபத்தில் வாய் மட்டும் அசையும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவியைச் சபைக்கு வரவழைத்து, எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து, உன் புருஷனை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். சபையே அழுதது. அவள் மட்டும் அழவில்லை. கட்டை மாதிரி நின்றாள். நன்றி கெட்டவள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் பெயிண்டர் தம்பி இங்கே வந்து, நீங்கள் இருக்கும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். உடம்பைச் சுகமாக்கிய ஆண்டவருக்கு முன்னால் மனசும் சுத்தமாக வேண்டும் என்று அண்ணன் பேசியிருந்தார். அது அவனைத் தூங்க விடவில்லையாம். நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவனும் ஒரு கத்தியை எடுத்துச் சீவ ஆரம்பித்தான். சீவிக்கொண்டே சொன்னான். அந்த லாரியை ஓட்டியது அவன்தான். ஜெயிலுக்குப் போனவன் கிளீனர். முதலாளி ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டாராம்.

"மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வரும்க்கா. லோடு லேட்டாகும்னு அன்னிக்குப் போடாம விட்டுட்டேன். கண் முழிச்சுப் பாத்தா வண்டி செவத்துல நிக்குது. பயந்து ஓடிட்டேன்."

நான் அடுத்த கிழங்கை எடுத்தேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"நீங்கதான் டிரைவரை மன்னிச்சிட்டீங்களே, சபை முன்னாடி. அது எனக்குத்தானேக்கா சேரும்?"

யோசித்துப் பார்த்தேன் மேடம். நியாயமான கேள்விதான்.

"சேரும் தம்பி" என்றேன்.

அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் தலையில் கைவைத்து ஜெபித்தேன். சாயங்காலக் காப்பியில் மாத்திரை ஏற்கெனவே கலந்து வைத்திருந்தேன். அதைக் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் காலையிலிருந்து வெறும் காப்பிதான் கொடுத்தேன்.

நான் அவனுக்கு விஷம் வைக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் குடித்ததில் பாலும் டிகாக்ஷனும் சர்க்கரையும் தவிர எதுவும் இல்லை. ஆண்டவர்தான் குணமாக்கினார் என்று அவனே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியானால் நான் எதற்கு நடுவில் நிற்க வேண்டும்? விலகிக்கொண்டேன். அவன் உயிரை ஆண்டவர் கையில் விட்டேன். அதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

முதல் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. காலையில் டம்ளரை நீட்டும்போது அவன் விரல்களைப் பார்ப்பேன். மாலையில் கண்களைப் பார்ப்பேன். என்னக்கா அப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டான். இளைத்துவிட்டாய் என்றேன். அன்று அவன் கையிலிருந்த பிஸ்கட் தானாகத் துள்ளிக் கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டே எடுத்து ஊதித் தின்றான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் பயம் மாதிரித் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அண்ணனிடம் கோபுரத்துச் சிலுவை வெளுத்துவிட்டது, கன்வென்ஷன் கூட்டத்துக்கு முன்னால் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று சொன்னேன். நிஜமாகவே வெளுத்துத்தான் இருந்தது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வெளியாளைக் கூப்பிடலாமா என்று அண்ணன் கேட்டார். நம்ம தம்பி இருக்கும்போது எதற்கு என்றேன்.

மறுநாள் அவன் காலையில் காப்பி குடித்துவிட்டு, இடுப்பில் கட்டும் கயிற்றைத் தேடிக்கொண்டு இங்கே வந்தான். அது அந்த மாவு டின்னுக்குப் பின்னால் இருந்தது. அங்கே வைத்தது நான்தான். கண்ட இடத்தில் கிடந்தால் காலைத் தட்டிவிடும் அல்லவா?

"கயிறு பாத்தீங்களாக்கா?" என்றான்.

"சுகமானவனுக்குக் கயிறு எதுக்கு தம்பி?"

அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழந்தையைப் பாராட்டினால் மலருமே, அப்படி. ஆமாக்கா என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

இந்த ஜன்னலிலிருந்து கோபுரம் தெரியும். முதலில் பெயிண்ட் டப்பா விழுந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே போனேன், பால் பொங்கிவிடக் கூடாது என்று. அவன் கண்களை மூடிவிட்டு முதல் ஜெபம் செய்ததும் நான்தான்.

நேற்றே இதையெல்லாம் லாக்கப்பில் அண்ணனிடம் சொன்னேன். காப்பியில் மாத்திரை கலந்ததைச் சொன்னதும் கம்பியை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கயிற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்போ அவனுக்குச் சுகமாகவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆகையால் அவரைக் கேட்டால் என்னைப் பொய்க்காரி என்றுதான் சொல்வார். நம்பாதீர்கள், அவரை விட்டுவிடுங்கள். கயிறு இன்னும் டின்னுக்குப் பின்னால்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன். எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். பழி வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நான் அவனை முழு மனதோடு மன்னித்துவிட்டேன் மேடம். இன்னொரு முறை வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாலும் மன்னிப்பேன். காப்பியும் போட்டுக் கொடுப்பேன்.